ஆறு வரை எண்ணத் தெரிந்தால் போதும்: அமெரிக்க நண்பர்களுக்கு ரக்பி லீக் காட்டுவது எப்படி

"சனிக்கிழமை ரக்பி லீக் பார்க்க வருகிறீர்களா?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டேன். "வரலாமே, எந்த லீக்?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. அமெரிக்காவில் லீக் என்றால் போட்டித் தொடர். அமெரிக்கன் ஃபுட்பாலின் என்எஃப்எல் ஒரு லீக், பேஸ்பாலில் இரண்டு லீக். 'ரக்பி லீக்' என்பதே ஒரு விளையாட்டின் பெயர் என்று இங்கே யாருக்கும் தோன்றாது. தடுக்கல் பெயரிலேயே இருக்கிறது.

நான் சிட்னிக்கு மேற்கே வென்ட்வொர்த்வில்லில் சில வருடங்கள் குடியிருந்துவிட்டு, வேலை மாறி தெற்கு நியூ ஜெர்சிக்கு வந்தவன். வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கமெல்லாம் நம்மவர்கள் நிறைய. கறிவேப்பிலை வாங்கப் போனால் கடை வாசலில் பாரமட்டா ஈல்ஸ் அணியின் நீல-மஞ்சள் சட்டைதான் கண்ணில் படும். அங்கே இருந்தால் இந்த ஆட்டம் சளி மாதிரி தானாகவே ஒட்டிக்கொள்ளும். இங்கேயோ சுற்றிலும் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பைத்தியங்கள். அவர்களுக்கு இதைக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை.

முதல் முயற்சி படுதோல்வி. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நூறு வருட வரலாற்றைச் சொல்ல ஆரம்பித்தேன். அப்புறம் போட்டதும் ஒருதலைப்பட்சமான ஆட்டம், ஒரு அணி நாற்பது புள்ளி போட எதிரணி முட்டை. இடைவேளைக்குள் இரண்டு பேர் கராஜில் புல்வெட்டும் இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு பல தடவை, பல பேரிடம் முயன்று பார்த்ததில் எது எடுபடும், எது எடுபடாது என்று ஓரளவு பிடிபட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்தோ வடக்கு இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்கா வந்து என் மாதிரி தவிக்கிறவர்களுக்கும், என்எஃப்எல் பார்த்துப் பழகி இந்த ஆட்டத்தை எட்டிப்பார்க்க நினைக்கிற தமிழர்களுக்கும் இந்தக் குறிப்புகள் உதவலாம். அமெரிக்கன் ஃபுட்பாலை இனி வெறுமனே ஃபுட்பால் என்றே எழுதுகிறேன்.

1. எந்த ரக்பி என்று முதலில் சொல்லிவிடுங்கள்

அமெரிக்கர்களுக்குத் தெரிந்த ரக்பி வேறு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் வெண்கலம் வாங்கினார்கள் இல்லையா, இலோனா மாஹெர் ஆடிய அணி, அது ரக்பி யூனியனின் ஏழு பேர் வடிவம். 2031 உலகக் கோப்பையை அமெரிக்கா நடத்தப்போகிறதே, அது யூனியனின் பதினைந்து பேர் வடிவம். ஈகிள்ஸ் அணி, ஆட்டத்தை நடத்தும் வீரரான குவாட்டர்பேக்கைப் பின்னாலிருந்து கும்பலாகத் தள்ளுகிற 'டஷ் புஷ்' வந்தாலே வர்ணனையாளர்கள் "ரக்பி மாதிரி" என்பார்கள். அதுவும் யூனியன் வாசனைதான். லீக்கில் அப்படிக் குவிந்து தள்ளிக்கொண்டே இருக்க முடியாது. ஓடுகிறவர் மேலே நகர முடியாமல் மடக்கப்பட்டதும் நடுவர் 'ஹெல்டு' என்று கத்திவிடுவார், கதை அங்கே முடிந்தது.

பிரிந்த கதையை இரண்டே வாக்கியத்தில் முடியுங்கள். சனிக்கிழமை சுரங்கத்தையும் ஆலையையும் விட்டுவிட்டு ஆட வந்த தொழிலாளிகளுக்கு, இழந்த கூலியைக் கொடுக்கலாமா கூடாதா என்பதில் வந்த சண்டை அது. கொடுக்கலாம் என்ற வடக்கு இங்கிலாந்துக் கிளப்புகள் 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடித் தனியே போய்விட்டன. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தரலாமா என்று பல வருடம் வழக்காடிய நாட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

2. எண்ணச் சொல்லுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இது. மற்றதெல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

ஆட்டம் ஓட ஆரம்பித்ததும் வேறு எதையும் விளக்காதீர்கள். "ஒவ்வொரு தடவை ஆளை மடக்கும்போதும் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். ஆறு வந்தால் பந்து எதிரணிக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் அறையில் இருக்கிறவர்கள் வாய்விட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். ஃபுட்பாலில் நான்கு டவுன், அதாவது நான்கு வாய்ப்பு; இங்கே ஆறு டேக்கிள், அதாவது ஆறு மடக்கல். அவர்கள் மூளையில் ஏற்கெனவே இருக்கிற கணக்குதான்.

உடனே ஒரு கேள்வி வரும், ஒரு தடவைகூடத் தப்பியதில்லை: "எத்தனை யார்டு போக வேண்டும்?" எதுவும் போக வேண்டாம். பத்து யார்டு கடந்தால் புதிதாக நான்கு வாய்ப்பு என்கிற கணக்கு இங்கே கிடையாது. எவ்வளவு தூரம் ஓடினாலும் ஆறு ஆறுதான். எதிரணி பந்தைத் தொட்டுவிட்டாலோ தப்புச் செய்தாலோதான் எண்ணிக்கை மறுபடி தொடங்கும். அதனால் ஐந்தாவது டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். நான்காவது டவுனில் பந்தை எதிரணிப் பக்கம் தூர உதைத்துவிடுகிற பன்ட் மாதிரி.

ஒரு எச்சரிக்கை. பன்ட் என்றால் ஃபுட்பால் ரசிகர் ஃபிரிட்ஜ் பக்கம் எழுந்து போகிற நேரம். இங்கே அந்த உதைதான் சாப்பாட்டில் சாம்பார். வானத்துக்கு அடித்துவிட்டு, அது விழுகிற இடத்துக்கு நாலு பேர் குதித்துப் பிடிக்க ஓடுவது ஒரு வகை. அதற்கு 'பாம்' என்று பெயர். தரையோடு உருட்டிவிட்டு அதன் மேல் போய் விழுவது 'கிரப்பர்'. இன்னொன்று '40/20'. தன்னுடைய 40 மீட்டர் கோட்டுக்குப் பின்னாலிருந்து உதைத்த பந்து, ஆடுகளத்தில் ஒரு தடவையாவது குத்தி, எதிரணியின் 20 மீட்டருக்குள் பக்கவாட்டுக் கோட்டைத் தாண்டினால் பந்து உதைத்தவர்களுக்கே திரும்ப வரும். பழைய ஃபுட்பால் ரசிகர்கள் 'காஃபின் கார்னர்' பன்ட் என்று மூலை பார்த்து அடிப்பதைக் கொண்டாடுவார்கள். "அதேதான், ஆனால் பந்தும் நமக்கே" என்று சொன்னபோது பக்கத்து வீட்டுக்காரர் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மடக்கப்பட்டவர் எழுந்து நின்று, பந்தைத் தரையில் வைத்துக் குதிகாலால் பின்னே தள்ளுவார். பின்னால் நிற்பவர் எடுத்து ஆட்டத்தைத் தொடர்வார். அதற்குள் எதிரணி பத்து மீட்டர் பின்வாங்கிப் போய் வரிசை கட்ட வேண்டும். பார்க்க வேடிக்கையாக இருக்கும் இந்தக் குதிகால் வேலையைக் கண்டதும் சிரிப்பார்கள். அப்போது சொல்வதற்கென்றே ஒரு விஷயம் கையில் இருக்கட்டும். ஃபுட்பாலின் தந்தை எனப்படும் வால்டர் கேம்ப் 1880-இல், ஒரு அணியின் கையில் பந்தைக் கொடுத்து ஒவ்வொரு ஓட்டத்தையும் தொடங்கும் ஸ்கிரிமேஜ் முறையைக் கொண்டுவந்தபோது, பந்தைப் பின்னே அனுப்பியதும் காலால்தான். கையால் அனுப்பும் ஸ்னாப் பிறகு வந்தது. இவர்கள் சிரிக்கிற காட்சி இவர்களுடைய தாத்தா ஆடிய ஆட்டம்.

கதை இன்னும் சுவாரசியமானது. ஸ்கிரிமேஜ் வந்ததும் என்ன ஆனது? பந்து கையில் இருக்கிறவன் விட்டுக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. 1881-இல் பிரின்ஸ்டனும் யேலும் மோதியபோது ஆளுக்கு ஒரு பாதி பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டே கழித்து 0–0 என்று முடித்தார்கள். வெறுத்துப்போய் 1882-இல் ஒரு விதி போட்டார்கள்: மூன்று டவுனில் ஐந்து யார்டு போகாவிட்டால் பந்தைக் கொடுத்துவிடு. ரக்பி லீக்கும் இதே நோயில்தான் விழுந்தது. 1906-இல் ஆட்களைப் பதின்மூன்றாகக் குறைத்து, எழுந்து நின்று குதிகாலால் தள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஃபுட்பாலில் முன்னோக்கி எறிவதை அனுமதித்ததும் அதே 1906. ஆனால் லீக்கில் டேக்கிளுக்கு வரம்பே இல்லை. பலமான அணி நாள் முழுக்கப் பந்தை வைத்திருக்கலாம். சிட்னியில் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை பதினோரு கோப்பைகளைத் தொடர்ச்சியாக வாங்கிய காலம் அது. கடைசியில் அமெரிக்க டவுன் முறையைப் பார்த்து, 1966-இல் இங்கிலாந்தில் நான்கு டேக்கிள் விதியைக் கொண்டுவந்தார்கள். நான்கு அவசரமாக இருந்ததால் 1970-களின் தொடக்கத்தில் ஆறாக்கினார்கள்.

ஆக, ஃபுட்பால் 1882-இல் கண்டுபிடித்த மருந்தை லீக் எண்பத்து நான்கு வருடம் கழித்து வாங்கிக் குடித்தது. இதைச் சொல்லும்போது நீங்கள் அந்நியச் சரக்கு விற்பவர் அல்ல, காணாமல் போன தம்பியைக் கூட்டி வந்தவர்.

3. அவர்கள் மறக்க வேண்டிய நான்கு

பந்தை முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் எறிய வேண்டும் என்பதை எல்லோரும் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஃபுட்பாலில் அப்படி எறிவதற்கு லேட்டரல் என்று பெயர். 2018 டிசம்பரில் மியாமி டால்ஃபின்ஸ் கடைசி ஓட்டத்தில் இரண்டு லேட்டரல் போட்டு நியூ இங்கிலாந்தை 34–33 என்று வீழ்த்தியதை நினைவூட்டுங்கள். அந்தத் தவிப்பை எண்பது நிமிடம் நீட்டினால் லீக்.

அடுத்தது பிளாக். ஓடுகிறவனுக்கு முன்னால் போய் வழி விலக்கிக் கொடுப்பது ஃபுட்பாலின் உயிர். இங்கே அது தப்பு. தாக்கும் அணியில் பந்து இல்லாதவர் தடுப்பவரை மறித்தால் போட்ட புள்ளியையே ரத்துசெய்வார்கள். "ஏன் யாரும் அவனை மறைக்கவில்லை?" என்று, ஃபுட்பாலில் பிளாக் செய்யும் லைன்மேனாக ஆடிய நண்பர் ஒருவர் முதல் பாதி முழுக்கப் புலம்பினார்.

மூன்றாவது கோட்டைத் தாண்டுவது. ஃபுட்பாலில் அடி வாங்காமல் பக்கவாட்டில் வெளியே காலை வைப்பது புத்திசாலித்தனம். இங்கே கால் நுனி பட்டாலும் பந்து போச்சு. அதனால்தான் விங்கர்கள் மூலையில் உடம்பு முழுக்கக் கோட்டுக்கு வெளியே காற்றில் பறக்க, கையை மட்டும் உள்ளே நீட்டிப் பந்தை வைக்கிறார்கள். இந்த ஒரு காட்சிக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம், யாராக இருந்தாலும் கத்திவிடுவார்கள்.

நான்காவது, புள்ளி போட்ட பிறகு யார் உதைப்பது? ஃபுட்பாலில் புள்ளி போட்ட அணி எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும். லீக்கில் தலைகீழ்: புள்ளி கொடுத்தவர்களே உதைக்க வேண்டும், போட்டவர்களுக்கே மறுபடி பந்து. அநியாயமாகத் தோன்றும். ஆனால் பத்து நிமிடத்தில் மூன்று தடவை புள்ளி போட்டு ஆட்டத்தைப் புரட்டுவது இதனால்தான் சாத்தியம். பன்னிரண்டு புள்ளி பின்தங்கினாலும் டிவியை அணைக்கக் கூடாது என்று சொல்லி வையுங்கள்.

4. பதினைந்து நிமிடத் துண்டு

முழு ஆட்டத்துக்கு முன் ஒரு சின்னத் துண்டு காட்டுவது நல்லது. என் தேர்வு 2015 அக்டோபர் 4 அன்று நடந்த என்ஆர்எல் (ஆஸ்திரேலியாவின் முதன்மை ரக்பி லீக் தொடர்) இறுதிப் போட்டியின் கடைசிப் பகுதி. நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸும் பிரிஸ்பேன் பிராங்கோஸும். பாடம் நடத்துவதற்கென்றே யாரோ எழுதி வைத்த மாதிரி நடந்த ஆட்டம்.

பிரிஸ்பேன் 16–12 என்று முன்னிலை. நேரம் முடிகிறது, சங்கு ஊதியாயிற்று, ஆனால் பந்து இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. மைக்கேல் மார்கன் மடக்கப்படும்போதே பந்தைத் தட்டிவிட, கைல் ஃபெல்ட் வலது மூலையில் பாய்ந்து வைத்துவிடுகிறார். இங்கே நிறுத்துங்கள். இது 'ட்ரை', நான்கு புள்ளி. ஃபுட்பாலில் பந்து கோட்டின் மேல் காற்றில் பட்டாலே டச்டவுன். பெயரில்தான் தொடுதல் இருக்கிறது. லீக்கில் நிஜமாகவே தரையில் அழுத்த வேண்டும். அப்படியானால் ஏன் 'ட்ரை' என்று பெயர்? அந்தக் காலத்தில் தொட்டதற்குப் புள்ளி கிடையாது, கோல் அடித்துப் பார்க்க ஒரு முயற்சிதான் கிடைக்கும்.

ஆட்டம் 16–16. இப்போது கன்வெர்ஷன், இரண்டு புள்ளி, அடித்தால் கோப்பை. ஃபுட்பாலில் எங்கே டச்டவுன் போட்டாலும் உதை நடுவிலிருந்துதான். இங்கே பந்தை எந்த இடத்தில் வைத்தார்களோ அதற்கு நேராகப் பின்னே போய் அடிக்க வேண்டும். மூலையில் வைத்ததற்குத் தண்டனை, கிட்டத்தட்ட பக்கவாட்டுக் கோட்டிலிருந்து அடிக்கிறார் ஜோனதன் தர்ஸ்டன். பந்து வளைந்து வந்து கம்பத்தில் இடித்துத் திரும்புகிறது.

கூடுதல் நேரம், முதலில் புள்ளி போடுகிறவர் வெற்றி. தொடக்க உதையைப் பிடிக்க வேண்டிய பிரிஸ்பேனின் பென் ஹன்ட் கையிலிருந்து பந்து நழுவுகிறது. இது 'நாக்-ஆன்': முன்னோக்கி நழுவினால் பந்து எதிரணிக்கு. கொஞ்ச நேரத்தில் தர்ஸ்டன் பந்தைத் தரையில் போட்டுத் துள்ளும்போதே உதைத்து, கம்பங்களுக்கு நடுவே அனுப்புகிறார். 'ஃபீல்டு கோல்', ஒரு புள்ளி, 17–16. இந்த வகை உதை என்எஃப்எல் விதிப் புத்தகத்தில் இன்றும் இருக்கிறது என்பதை ஃபுட்பால் ரசிகர்களே மறந்துவிட்டார்கள். 2006 புத்தாண்டு அன்று டக் ஃப்ளூட்டி அப்படி ஒன்று அடித்தார். அதற்கு முந்தையது 1941-இல்.

ட்ரை, கன்வெர்ஷன், நாக்-ஆன், ஃபீல்டு கோல் எல்லாம் ஒரே கதைக்குள் வந்துவிட்டது. இதற்கு மேல் விதி சொல்ல வேண்டாம். பெனால்டி கோல் இரண்டு புள்ளி என்பதை அது வரும்போது சொல்லிக்கொள்ளலாம். இரு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டி நிற்கும் ஸ்கிரம் பற்றிக் கேட்டால், லீக்கில் அது பெரும்பாலும் சடங்கு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பிடித்துப்போய் இன்னொன்று கேட்டால் 2023 இறுதிப் போட்டி. கடைசி இருபது நிமிடம் இருக்கும்போது 24–8 என்று பின்தங்கிய பென்ரித், நேதன் கிளியரியின் தயவில் 26–24 என்று வென்றது.

5. எண்களைப் பாருங்கள், பெயர்களை அல்ல

பதின்மூன்று இடங்களின் பெயரையும் ஒப்பிக்காதீர்கள். சட்டை எண்ணே இடத்தைச் சொல்லிவிடும், அதில் நாலைந்து போதும். 7 ஹாஃப்பேக், ஏறக்குறைய குவாட்டர்பேக். ஆட்டத்தை ஓட்டுபவர், உதைப்பவர். ஆனால் அவரும் ஆளை மடக்க வேண்டும், ஓய்வு கிடையாது. 9 ஹூக்கர், குதிகால் பந்தை எடுத்துக் கொடுப்பவர் என்பதால் ஃபுட்பாலில் ஸ்னாப் கொடுக்கும் சென்டர் மாதிரி என்று நினைப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். ஒரே ஆட்டத்தில் நாற்பது, ஐம்பது டேக்கிள் செய்கிற ஹூக்கர்கள் உண்டு. 8-உம் 10-உம் முட்டிமோதும் பருமனான ஆட்கள். 1 ஃபுல்பேக், கடைசிக் காவல்காரரும் அவரே, தாக்குதலில் திடீரென்று முளைப்பவரும் அவரே. பெயரை வைத்து ஃபுட்பாலின் ஃபுல்பேக் என்று நினைத்துவிடப் போகிறார்கள், அதை மட்டும் திருத்துங்கள்.

தாக்குதலுக்கு ஒரு அணி, தடுப்புக்கு ஒரு அணி என்று கிடையாது. எல்லோரும் எல்லாம் செய்ய வேண்டும், மாற்று ஆட்களை இறக்கவும் எட்டு தடவைதான் அனுமதி. அறுபதாவது நிமிடத்தில் பெரிய ஆட்கள் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குவார்கள். சின்ன ஆட்களுக்கு அப்போதுதான் இடைவெளி கிடைக்கும். களைப்பே இங்கே ஒரு தந்திரம்.

6. "கவசம் இல்லை" என்று பீற்றிக்கொள்ளாதீர்கள்

என்ஆர்எல் லாஸ் வேகாஸில் நடத்தும் ஆட்டங்களுக்கான விளம்பரத்தில் ஹெல்மெட் இல்லை, பேட் இல்லை என்பதைத்தான் முழங்கினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. விருந்துக்கு வந்தவனிடம் "உங்கள் வீட்டுச் சாப்பாடு குழந்தைகளுக்கானது" என்று சொல்கிற மாதிரி இருக்கிறது. தவிர, தலைக்காயம் பற்றி அமெரிக்கப் பெற்றோர்களுக்கு ஏற்கெனவே கவலை அதிகம். கவசம் இல்லாததைப் பெருமையாகச் சொன்னால் அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உள்ளதைச் சொல்லுங்கள். இந்த ஆட்டத்திலும் தலையில் அடிபடுகிறது. அடிபட்ட அறிகுறி தெரிந்தால் ஆளை வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். கழுத்துக்கு மேலே தாக்கினால் பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டியிருக்கும், மோசமாக இருந்தால் அன்றைக்கு ஆட்டமே இல்லை. கையைப் பயன்படுத்தாமல் தோளால் மட்டும் இடிப்பது என்ஆர்எல்-இல் 2013-இலிருந்து தடை. ஹெல்மெட் இல்லாதவன் தன் தலையை ஆயுதமாக்க யோசிப்பான். கையால் சுற்றிப் பிடித்து மடக்குவான். அந்தப் பிடி நல்லது என்று பார்த்துத்தான் பீட் கேரல் பயிற்சியளித்த சியாட்டில் சீஹாக்ஸ் ரக்பி பாணி டேக்கிளைப் பழகி, 2014-இல் மற்றப் பயிற்சியாளர்களுக்காகக் காணொளியும் வெளியிட்டது.

ஃபிலடெல்ஃபியா பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் ஒரு துருப்புச் சீட்டு உண்டு. ஜோர்டன் மைலாட்டா. ஈகிள்ஸின் லெஃப்ட் டேக்கிள், அதாவது பிளாக் செய்து குவாட்டர்பேக்கைக் காப்பவர். சிட்னியில் சவுத் சிட்னி கிளப்பின் இளையோர் அணியில் லீக் ஆடியவர், ஃபுட்பால் ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலேயே 2018 என்எஃப்எல் ஆள் தேர்வில் ஏழாவது சுற்றில் தேர்வானார். 2025 பிப்ரவரியில் கன்சாஸ் சிட்டியை 40–22 என்று வென்று என்எஃப்எல் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வாங்கியாயிற்று. பிளாக் செய்தால் தப்பு என்கிற ஆட்டத்திலிருந்து வந்தவர் பிளாக் செய்வதையே தொழிலாக்கிக்கொண்டார். என் தெருவில் ரக்பி லீக்குக்குக் கதவு திறந்தது இந்த ஒரு பெயரால்தான்.

7. நேரமும் பலகாரமும்

சீசன் பெரும்பகுதியில் சிட்னிக்கும் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் பதினான்கு மணி நேர வித்தியாசம். வெள்ளி இரவு எட்டு மணி ஆட்டம் இங்கே அதே வெள்ளி காலை ஆறு மணிக்கு வரும். ஞாயிறு மாலை நான்கு மணி ஆட்டம் கலிஃபோர்னியாவில் சனி இரவு பதினொன்று, அதுதான் மேற்குக் கரைக்கு வாய்த்த நேரம். இங்கிலாந்தின் சூப்பர் லீக் வெள்ளி இரவு எட்டு மணி என்றால் கிழக்குக் கரையில் மதியம் மூன்று. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டியதில்லை. என்ஆர்எல் ஆட்டங்களுக்கு வெளிநாட்டிலிருப்பவர்களுக்கான வாட்ச் என்ஆர்எல் சந்தா இருக்கிறது; சில ஆட்டங்கள் ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் சேனல்களிலும் வருகின்றன.

காலை ஆறு மணிக்கு யாரும் சிக்கன் விங்ஸ் தின்ன மாட்டார்கள். நான் மெதுவடையும் ஃபில்டர் காபியும் வைத்தேன். வடைக்காகவே இரண்டு பேர் திரும்ப வந்தார்கள், நான் வருத்தப்படவில்லை.

ஒன்றை முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும்: ஆட்டம் விளம்பரத்துக்காக நிற்காமல் நாற்பது நிமிடம் ஓடும். மூன்று மணி நேரத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகியவர்களுக்கு எப்போது எழுந்து போவது என்று தெரியாது. எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவரின் மைக்கை அணைக்காதீர்கள். என்எஃப்எல் நடுவர் தண்டனையை அறிவிக்கும்போது மட்டும்தான் பேசுவார். இங்கே ஆட்டம் முழுக்க "விடு, எழு, பின்னே போ" என்று வீரர்களை அதட்டிக்கொண்டே இருப்பது கேட்கும். புதியவர்களுக்கு அதைவிட நல்ல வர்ணனை கிடையாது.

நாட்காட்டியில் குறித்து வைக்க வேண்டியது ஸ்டேட் ஆஃப் ஆரிஜின். குவீன்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் வருடத்துக்கு மூன்று தடவை மோதும். எந்தக் கிளப்புக்கு ஆடினாலும் அந்த இரவுகளில் தான் வளர்ந்த மாநிலத்துக்கே ஆட வேண்டும். 1980 ஜூலை 8 அன்று பிரிஸ்பேனின் லாங் பார்க்கில் முதல் ஆட்டம்; சிட்னியிலேயே வாழ்ந்து ஆடிய ஆர்தர் பீட்சன், 35 வயதில் குவீன்ஸ்லாந்துக்குத் தலைமை தாங்கினார். ஓஹாயோ ஸ்டேட்–மிச்சிகன் கல்லூரிப் பகையைத் தொழில்முறை வீரர்கள் ஆடினால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள், புரிந்துகொள்வார்கள்.

8. இரண்டாவது ஆட்டத்துக்கு வழிசெய்யுங்கள்

அமெரிக்காவில் ரக்பி லீக்கைக் காட்ட முயன்றவர்கள் நிறையப் பேர். 1953-இல் மைக் டிமிட்ரோ என்பவர், லீக் ஆடியே பழக்கமில்லாத கலிஃபோர்னியா ஃபுட்பால் வீரர்களைத் திரட்டி ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்குக் கூட்டிப் போனார். 1987-இல் ஆரிஜின் அணிகளே கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ஆடின. 1989-இல் இங்கிலாந்துக் கிளப்புகளான விகனும் வாரிங்டனும் மில்வாக்கியில். 2004 டிசம்பரில் என் வீட்டிலிருந்து ஆற்றைத் தாண்டினால் வரும் ஃபிராங்க்ளின் ஃபீல்டில் அமெரிக்க அணி இடைவேளையில் ஆஸ்திரேலியாவை 24–6 என்று முந்தி நின்றது, கடைசியில் 36–24 என்று தோற்றது. 2013 உலகக் கோப்பையில் அமெரிக்கா காலிறுதி வரை போனது. 2018-இல் டென்வரில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும். 2025 உலகக் கோப்பையை வட அமெரிக்காவில் நடத்தும் திட்டம்கூட இருந்தது, அதே 2018-இல் கைவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு ஆட்டம், கைதட்டல், அப்புறம் வருடக்கணக்கில் மௌனம். பார்த்துப் பிடித்துப்போனவன் அடுத்த வாரம் என்ன பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை.

2024-இலிருந்து லாஸ் வேகாஸின் அலிஜியன்ட் அரங்கில் என்ஆர்எல் சீசனையே தொடங்குகிறார்கள். ஒரு தடவையோடு நிறுத்தாமல் ஐந்து வருடத் திட்டம் என்று அறிவித்துவிட்டு வந்தார்கள். முதல் வருடம் 40,746 பேர், 2025-இல் 45,209 பேர். கூட்டத்தில் பெரிய பங்கு விமானம் ஏறி வந்த ஆஸ்திரேலியர்கள்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அடுத்த வருடமும் இதே இடத்தில் நடக்கும் என்று நண்பரிடம் சொல்ல முடிவதே எனக்குப் பெரிய விஷயம்.

வீட்டுக் கூடத்துக்கும் இதே கணக்கு. முதல் ஆட்டம் முடிந்து அவர்கள் எழுவதற்குள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு அணியைக் கொடுத்துவிடுங்கள். பெயரே பாதி வேலையைச் செய்யும். கவ்பாய்ஸ், பிராங்கோஸ், ரெய்டர்ஸ், பாந்தர்ஸ், டால்ஃபின்ஸ், டைட்டன்ஸ் என்று ஆறு பெயர்கள் என்எஃப்எல், என்ஆர்எல் இரண்டு பக்கமும் உண்டு. அப்புறம் குணம் பார்த்துக் கொடுக்கலாம். சின்ன ஊர் அணி என்று கிரீன் பேவை நேசிப்பவருக்கு டவுன்ஸ்வில்லின் கவ்பாய்ஸ். கன்சாஸ் சிட்டி மாதிரி ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பவருக்கு, 2021 முதல் 2024 வரை நான்கு கோப்பைகளைத் தொடர்ந்து வாங்கிய பென்ரித். ஊருக்கே பிடிக்காத அணிதான் வேண்டும் என்கிற ஆசாமிக்கு மெல்பர்ன் ஸ்டார்ம். சம்பள வரம்பை மீறியதற்காக 2007, 2009 பட்டங்களைப் பறிகொடுத்த அணி. ஈகிள்ஸ்காரர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் சவுத் சிட்னி. மைலாட்டாவின் கிளப் என்பதோடு, 1999 சீசன் முடிந்ததும் தொடரிலிருந்து துரத்தப்பட்டு, தெருவில் ஊர்வலம் போய், நீதிமன்றம் ஏறி, 2002-இல் திரும்பி வந்த கதை ஃபிலடெல்ஃபியாக்காரர்களின் குணத்துக்கு அப்படியே பொருந்தும். பக்கத்து வீட்டுக்காரர் அதைத்தான் எடுத்துக்கொண்டார். இப்போது "இன்றைக்கு சவுத்ஸ் எத்தனை மணிக்கு?" என்று அவர்தான் எனக்குச் செய்தி அனுப்புகிறார்.

என் பாரமட்டா ஈல்ஸை யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கடைசியாகக் கோப்பை வாங்கியது 1986-இல். அலுவலகத்தில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ரசிகர் ஒருவர் இருக்கிறார், சூப்பர் பவுலுக்கே போகாத அணி. அவரிடம் மட்டும் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நீல-மஞ்சள் சட்டை எக்ஸ்எல் அளவில் கிடைக்குமா என்று கேட்டார்.